கம்பைலர்ல ஒரு அண்டர்ஸ்கோர் தப்பு, அதைத் திருத்த ஏன் இத்தனை பாடு

நீங்க கேட்டது இதுதான்: ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் கம்பைலரோட கோடைப் படிச்சுட்டு இருந்தப்போ, சிம்பலுக்கு (கம்பைல் ஆன ஃபைல்ல ஒவ்வொரு ஃபங்க்ஷனுக்கும் வேரியபிளுக்கும் இருக்கற அடையாளம்) பேர் வைக்கிற எடத்துல பல வருஷமா யாருமே கவனிக்காத ஒரு தப்பு கண்ணுல பட்டுச்சு, திருத்த ஒரே வரிதான், பேட்ச் எழுதி அனுப்பியும் அந்த ப்ராஜெக்டப் பாத்துக்கற மெயின்டெய்னர் "தப்புதான், ஆனா இத அப்படியே எடுத்துக்க முடியாது"ன்னு சொல்லிட்டார், அது ஏன்? தப்புன்னு ஒத்துக்கிட்டவரு திருத்தத்த ஏன் வேணாங்கறாருன்னு உங்களுக்கு வருத்தம். நியாயமான வருத்தம்தான். ஆனா அவர் பக்கமும் நியாயம் இருக்கு, பேட்சோட முக்கால்வாசி இன்னும் எழுதப்படலைன்னுதான் அவர் சொல்றார். இதே மாதிரி ஒரு தப்பு ஜிசிசிங்கற பெரிய ஓப்பன் சோர்ஸ் கம்பைலர்ல 2002ல இருந்து 2017 வரைக்கும் இருந்துச்சு, அதோட கதைய முழுசா சொன்னா உங்க கேள்விக்கும் பதில் வந்துரும்.

மொதல்ல பேர் எப்படி வருதுன்னு பாத்துருவோம். சி++ல ஒரே பேர்ல நாலு ஃபங்க்ஷன் எழுதலாம், ஒண்ணு முழு எண் வாங்கும், ஒண்ணு ஸ்ட்ரிங் வாங்கும். ஆனா கம்பைல் ஆன ஃபைல்களச் சேத்து ஒரே ப்ரோக்ராமா ஆக்கற லிங்கருக்கு டைப்பும் தெரியாது ஒண்ணும் தெரியாது, அது பாக்கறது வெறும் எழுத்து வரிசை மட்டும், ரெண்டு ஃபைல்ல ஒரே வரிசை இருந்தா ரெண்டும் ஒண்ணு, ஒரு எழுத்து மாறினாலும் வேற வேற, அவ்வளவுதான் அதோட உலகம். அதனால கம்பைலர் ஒவ்வொரு ஃபங்க்ஷனுக்கும் அதோட பேர், எந்த ஸ்கோப்ல, அதாவது கோடோட எந்தப் பகுதிக்குள்ள இருக்கு, என்னென்ன டைப் வாங்குதுங்கறதையெல்லாம் சேத்து முறுக்கி ஒரு நீளப் பேரா ஆக்கிக் குடுக்குது, இதுக்குத்தான் மேங்கிளிங்னு பேர். எப்படி முறுக்கணும்ங்கறதுக்கு ஒரு விதிப்புத்தகம் இருக்கு, இட்டானியம் சி++ ஏபிஐ. ஏபிஐன்னா தனித்தனியா கம்பைல் ஆன ஃபைல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போறதுக்கான விதி. இன்டெல், எச்பி, ஐபிஎம், ரெட் ஹேட், எஸ்ஜிஐ மாதிரி பல கம்பெனிகள் உக்காந்து இட்டானியம் ப்ராசசருக்காக எழுதினது. அந்த ப்ராசசர் 2021ல சப்ளையே நின்னு போச்சு, ஆனா அதுக்காக எழுதின பேர் விதிலதான் இன்னிக்கு உங்க லேப்டாப் லினக்ஸும் ஆண்ட்ராய்டு போனும் ஓடுது.

ஒரு உதாரணம் கிட்டப் போய்ப் பாப்போம். ஜிசிசி 10ல இருந்து வேரியபிள், ஃபங்க்ஷன் பேரெல்லாம் நேரா தமிழ்லயே எழுதலாம். கணக்குன்னு ஒரு ஃபங்க்ஷன், ஆர்க்யூமெண்ட் எதுவும் கெடையாது, அதுக்குள்ள எண் அப்படிங்கற ஸ்டாடிக் வேரியபிள், அதாவது ஃபங்க்ஷன் முடிஞ்சாலும் மதிப்பு அழியாம இருக்கற வேரியபிள். இந்த வேரியபிளுக்குக் கம்பைலர் வைக்கிற பேர் எப்படி இருக்கும்னா, ஒரு அண்டர்ஸ்கோர், ரெண்டு இசட், 18, கணக்கு, வி, இ, 9, எண், எல்லாத்தையும் ஒட்டி எழுதினா அதுதான். மொத இசட் இது மேங்கிள் ஆன பேர்னு சொல்லுது, ரெண்டாவது இசட் ஒரு ஃபங்க்ஷனுக்குள்ள இருக்கற சமாச்சாரம்னு சொல்லுது, வின்னா ஆர்க்யூமெண்ட் இல்ல, இன்னா ஃபங்க்ஷன் பேர் அதோட முடிஞ்சது. 18ங்கறது கணக்குங்கற சொல்லோட நீளம். அது எப்படி 18ன்னு கேக்கலாம், க, ண, க, புள்ளி, க, உகரக் குறி ஆக மொத்தம் ஆறு கோட் பாயிண்ட் (யூனிகோட்ல தனி எண் உள்ள எழுத்து இல்ல குறி), தமிழ்ல ஒவ்வொண்ணும் யூடிஎஃப் 8ங்கற சேமிப்பு முறைல மூணு பைட், 6 × 3 = 18. எண்ணுக்கு மூணு கோட் பாயிண்ட், 9 பைட். நீளத்த முன்னாடியே சொல்லிட்டா எங்க ஒரு பேர் முடியுது அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு குழப்பம் வராது, ரொம்ப அழகான ஏற்பாடு இது.

இப்போ தப்பு இருந்த எடத்துக்கு வருவோம். ஒரே ஃபங்க்ஷனுக்குள்ள, வேற வேற ப்ராக்கெட் ஸ்கோப்ல, எண்ணுங்கற அதே பேர்ல பல ஸ்டாடிக் வேரியபிள் இருந்தா? மொதல்ல வர்றதுக்கு மேல சொன்ன பேர் அப்படியே. ரெண்டாவதுக்குக் கடைசில _0 ஒட்டணும், மூணாவதுக்கு _1, இப்படியே போய் பதினொண்ணாவதுக்கு _9. பன்னெண்டாவது வரும்போது ரெண்டு இலக்கம் ஆயிடுது, அங்க விதி மாறுது, முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் பின்னாடி ஒண்ணு, __10_ அப்படின்னு எழுதணும். ஜிசிசி எழுதினது _10. அவ்வளவுதான் தப்பு. ரெண்டு அண்டர்ஸ்கோர் கொறைச்சல்.

இதுல என்ன இருக்கு, எப்படி எழுதினா என்னன்னு தோணும். இருக்கு. ஃபங்க்ஷனுக்குள்ளயே கிளாஸும் எழுதலாம், அதுக்கும் இதே ஒட்டுதான், அந்த கிளாஸ் இன்னொரு ஃபங்க்ஷனோட பேருக்குள்ள ஆர்க்யூமெண்ட் டைப்பா வந்து உக்காரலாம், அப்போ ஒட்டுக்கு அடுத்து இன்னொரு டைப்போட பேர் வரும். ஒட்டு _1, அடுத்த டைப் எக்ஸ்னு ஒரே எழுத்துப் பேர் வெச்ச கிளாஸ்னா அதோட நீளத்தோட சேத்து 1, எக்ஸ்னு வரும், ஒட்டிப் படிச்சா _11 எக்ஸ். இத _1க்கு அப்பறம் கிளாஸ் எக்ஸ்னும் படிக்கலாம், _11க்கு அப்பறம் வெறும் எக்ஸ்னும் படிக்கலாம், வெறும் எக்ஸ்னா இந்த விதில லாங் லாங் டைப். ரெண்டு அர்த்தமும் செல்லும்! ஒத்த அண்டர்ஸ்கோர் வந்தா ஒரே ஒரு இலக்கம்தான், அதுக்கு மேல போனா ரெண்டு பக்கமும் வேலி போடுன்னு விதி சொல்றதால இந்தச் சிக்கலே வராது. அதனால அந்த ரெண்டு அண்டர்ஸ்கோர் அலங்காரத்துக்கு இல்ல, இந்தக் குழப்பத்தத் தடுக்கத்தான் இருக்கு.

சரி, 2002 ஆகஸ்ட்ல வந்த ஜிசிசி 3.2ல இருந்து 2017 மே மாசம் வந்த 7.1 வரைக்கும், 15 வருஷம் இது எப்படித் தாங்குச்சு? இதுதான் எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப முக்கியமாப் படற எடம். பேரை எழுதறதும் ஜிசிசி, தேடறதும் ஜிசிசி கம்பைல் பண்ண இன்னொரு ஃபைல். ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணா லிங்கருக்கு அது தப்பே இல்ல, ரெண்டு வரிசையும் ஒத்துப்போகுது, வேலை முடிஞ்சுது. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல பேர் ஒரு எழுத்து தப்பா விழுந்துட்டா அதுக்கப்பறம் காலேஜ், பேங்க், ஆதார் எல்லாத்துலயும் அதே தப்பான பேர்லயே வாழ்க்கை ஓடிரும்ல, எங்கயாவது சரியான பேர்ல ஒரு சர்டிஃபிகேட் வந்து நிக்கும்போதுதான் பிரச்சனை தெரியும், அது மாதிரி.

அந்த "சரியான பேர்ல ஒண்ணு" வர்றதுக்கு இங்க எத்தனை விஷயம் ஒண்ணா அமையணும்னு பாருங்க. ஒரே ஃபங்க்ஷன்ல ஒரே பேர்ல 12 ஸ்டாடிக் இருக்கணும். கையால யாரும் அப்படி எழுத மாட்டாங்க, ஆனா லாகிங் மேக்ரோ (கம்பைலுக்கு முன்னாடி கோடா விரியற சுருக்கெழுத்து) எழுதிடும், "இந்த எச்சரிக்கைய ஒரு தடவை மட்டும் காட்டு"ங்கற மேக்ரோவ விரிச்சுப் பாத்தா உள்ள ஒரு ஸ்டாடிக் இருக்கும், அத 12 எடத்துல போட்டா 12. அடுத்து, அந்த ஃபங்க்ஷன் பல ஃபைல் சேத்துக்கற ஹெடர்ல, இன்லைனாவோ (கூப்பிட்ட எடத்துலயே கோடை விரிக்கக்கூடியது) டெம்ப்ளேட்டாவோ (எந்த டைப்புக்கும் பொருந்தற அச்சு) இருக்கணும், ஏன்னா சாதாரண ஃபங்க்ஷனோட ஸ்டாடிக் அந்த ஒரு ஃபைலோட முடிஞ்சுது, அதோட பேர வெளிய யாரும் தேடப்போறதில்ல. அப்பறம் ஒரே ப்ரோக்ராம்ல ஒரு ஃபைல் ஜிசிசிலயும் இன்னொண்ணு விதிப்படி எழுதற கிளாங்ங்கற இன்னொரு கம்பைலர்லயும் கம்பைல் ஆகியிருக்கணும். இதெல்லாம் அமைஞ்சாலும் போதாது, ஃபங்க்ஷனோட பேர் ரெண்டு கம்பைலருக்கும் ஒண்ணுதான், அதனால லிங்கர் ஒரே ஒரு காப்பிய வெச்சுக்கிட்டு மத்தத வீசிரும், ஒரு காப்பி ஒரு வேரியபிள்னு சமாளிச்சுப் போயிரும். அந்த ஃபங்க்ஷன் கூப்பிட்ட எடத்துலயே இன்லைன் ஆகி கரைஞ்சு போனாதான் ரெண்டு பேரும் ரெண்டு வேற வேரியபிளைப் பிடிச்சுட்டு நிப்பாங்க. அப்பவும் லிங்க் எரர் வராது, க்ராஷ் ஆகாது, ஒண்ணா இருக்க வேண்டிய வேரியபிள் சத்தமில்லாம ரெண்டா இருக்கும்.

நான் இத நேர்ல பாத்திருக்கேன். முன்னாடி வேலை பாத்த எடத்துல மெயின் ப்ரோக்ராம் கிளாங், கூட லிங்க் பண்ற ஒரு பழைய லைப்ரரி ஜிசிசி 6, நடுவுல ஒரு டெம்ப்ளேட் ஃபங்க்ஷன், அதுக்கு கட்டாயம் இன்லைன் பண்ணுன்னு ஆட்ரிபியூட் வேற போட்டிருந்தாங்க, டீபக் பில்டுல மட்டும் அந்த ஆட்ரிபியூட் கெடையாது. ரிலீஸ் பில்டுல 11 எச்சரிக்கை ஒழுங்கா ஒரு தடவை வருது, கடைசி ஒண்ணு மட்டும் ரெண்டு தடவை வருது. டீபக் பில்டுல பாத்தா எல்லாம் சரியா இருக்கு. த்ரெட் பிரச்சனைன்னு நெனச்சு ரெண்டு நாள் லாக் எல்லாம் போட்டுப் பாத்தோம். என்எம் கமாண்ட்ல சிம்பல் லிஸ்ட் எடுத்துப் பாத்தா எல்லா வரியும் ஒரே மாதிரி, ஃபங்க்ஷன் பேர், வேரியபிள் பேர், அவ்வளவுதான், ஏன்னா பேர அவிழ்த்துக் காட்டற டூல் இந்த ஒட்டு எண்ண உள்ள படிக்குமே தவிர வெளிய ப்ரிண்ட் பண்ணாது. தப்பு எந்த எடத்துல இருக்கோ சரியா அந்த எடத்தயே மறைச்சுருது. வரிய எண்ணிப் பாத்தப்போதான் பொறி தட்டுச்சு, 12 இருக்க வேண்டிய எடத்துல 13 வரி. அவிழ்க்காம பச்சையா எடுத்துப் பாத்தேன், ஒண்ணுல கடைசில _10, ஒண்ணுல __10_. அந்த நிமிஷம் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

இப்போ திருத்தத்துக்கு வருவோம், உங்க கேள்விக்கான பதில் இங்கதான். ஜிசிசில இந்த வேலையச் செய்யறது சி++ பாகத்துல மேங்கிள்ங்கற ஃபைல், அதுல டிஸ்கிரிமினேட்டர, அதாவது கடைசில வர்ற அந்த ஒட்டு எண்ண எழுதறதுக்குன்னே ஒரு குட்டி ஃபங்க்ஷன், பத்துப் பதினஞ்சு வரி. எண் 10 இல்ல அதுக்கு மேலன்னா கூட ஒரு அண்டர்ஸ்கோர், முடிவுல இன்னொண்ணு, இதுதான் திருத்தம், உங்க பேட்ச் மாதிரியே சின்னது. ஆனா அத சும்மா "10க்கு மேலயா"ன்னு மட்டும் கேக்கல. கூடவே "ஏபிஐ வெர்ஷன் 11 இல்ல அதுக்கு மேலயா"ன்னும் கேக்குது. ஜிசிசில கம்பைலர் வெர்ஷன் தனி, ஏபிஐ வெர்ஷன் தனி, பேர் வைக்கிற விதம் ஒவ்வொரு தடவை மாறும்போதும் அந்த எண் ஒண்ணு ஏறும், பழைய எண்ணக் குடுத்துக் கம்பைல் பண்ணா பழைய தப்பான பேர அப்படியே எழுதித் தரும். தப்பை அழிக்கல, அதுக்கு ஒரு நம்பர் போட்டு பத்திரமா வெச்சிருக்காங்க.

அதுமட்டுமில்ல, அந்த வெர்ஷன் கேள்வியக் கேக்கற ஃபங்க்ஷன் போற போக்குல இன்னொரு வேலையும் பாக்குது: இந்தப் பேர் பழைய விதிலயும் புது விதிலயும் வேற வேறயா வர வாய்ப்பு இருக்குன்னு ஒரு கொடி ஏத்தி வெச்சுரும். பேர் எழுதி முடிச்சதும் கம்பைலர் அந்தக் கொடியப் பாக்கும், ஏறியிருந்தா அதே பேர பழைய ஏபிஐ எண்ண வெச்சு ரெண்டாவது தடவை எழுதிப் பாக்கும், ரெண்டும் ஒண்ணா இருந்தா விட்டுரும், வேறன்னா, நீங்க கேட்டிருந்தா எச்சரிக்கை குடுக்கும், பழைய பேர் இது புதுப் பேர் இதுன்னு ரெண்டையும் பச்சையாவே எழுதிக் காட்டும். அதோட, வசதி இருக்கற சிஸ்டம்ல, ரெண்டாவது பேரையும் அதே எடத்துக்குக் காட்டுற அலையஸா, அதாவது மாற்றுப் பேரா சேத்து வெக்கும், பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் வந்து பழைய பேர்ல தேடினாலும் கெடைக்கணும்ல. அந்தப் பழைய பேர் ஏற்கனவே வேற யாருக்காவது சொந்தமா இருந்தா அலையஸ் வழிவிட்டு ஒதுங்கிக்கும். பேர அவிழ்க்கற லைப்ரரிலயும் கை வெக்க வேண்டியிருந்தது, அங்க இன்னிக்கும் ரெண்டு வடிவத்தையும் ஏத்துக்கறாங்க, பழைய ஜிசிசி வெர்ஷன்கள் தப்பா எழுதினதால இதையும் ஏத்துக்கறோம்னு கமெண்ட்லயே ஒளிவு மறைவில்லாம எழுதி வெச்சிருக்காங்க. 2002ல கம்பைல் ஆன பைனரிய யாராவது இன்னிக்கு டீபக் பண்ண வரலாம், அவங்களுக்காக.

இது ஒத்தக் கதையும் இல்ல. ஏபிஐ வெர்ஷன் லிஸ்ட்டப் படிச்சீங்கன்னா முக்காவாசி இந்த மாதிரி பேர்த் தப்புகள்தான். 3ல டெம்ப்ளேட் ஆர்க்யூமெண்ட்டா வர்ற முகவரியோட பேர், 7ல டீஃபால்ட் ஆர்க்யூமெண்ட்டுக்குள்ள வர்ற லாம்டாவோட (பேரில்லாத குட்டி ஃபங்க்ஷன்) பேர், 14ல நல்பாயிண்டரோட பேர்னு போகும். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா 2004ல 3.4 வந்தப்போ வெச்ச எண் 2, 2014ல வந்த 4.9 வரைக்கும் டீஃபால்ட்டா இருந்தது. நடுவுல கண்டுபிடிச்ச தப்புக்கெல்லாம் திருத்தம் கோடுல இருந்துச்சு, ஆப்ஷன் குடுத்தா கெடைக்கும், ஆனா தானா வராது. பத்து வருஷம்! மெயின்டெய்னர்ங்க எவ்வளவு பொறுமையா இருந்திருக்காங்கன்னு இதுலயே தெரியுது. திருத்தப் போய் புதுசா ஒண்ண ஒடைச்ச கதையும் அதே லிஸ்ட்ல இருக்கு, 10ம் வெர்ஷன் கம்பைலர்ல ஏபிஐ டேக் விஷயத்துல ஒண்ணு தப்பிப் போய், அதச் சரி பண்ணவே 10.3ல 15ன்னு புது எண் போட வேண்டியதாச்சு.

பேர் மாறவே கூடாதுன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. ஜிசிசி 5ல ஸ்ட்ரிங்கோட உள்ளமைப்பே மாறினப்போ, சி++11 விதிக்கு பழைய காப்பி ஆன் ரைட் (மாத்தும்போது மட்டும் காப்பி எடுக்கற) முறை ஒத்து வராததால மாத்த வேண்டியிருந்தது, அப்போ வேணும்னே பேரையும் மாத்தினாங்க, பழைய ஸ்ட்ரிங் எதிர்பாக்கற ஃபைலும் புது ஸ்ட்ரிங் குடுக்கற ஃபைலும் தெரியாத்தனமா ஒட்டிக்கக்கூடாது, லிங்க் பண்ணும்போதே சண்டை வந்து நிக்கட்டும்னு. உள்ள இருக்கற பொருள் மாறினா பேர் மாறியே ஆகணும். உள்ள ஒண்ணும் மாறாம பேர் மட்டும் மாறினா, நல்லா ஓடிட்டிருந்த ரெண்டு ஃபைல் நாளைக்கு ஒண்ண ஒண்ணு அடையாளம் தெரியாம நிக்கும். உங்க பேட்ச் ரெண்டாவது வகை, அதனாலதான் மெயின்டெய்னர் பயப்படறார்.

அதனால என்ன பண்ணலாம்னா, மொதல்ல உங்க கம்பைலர்ல அந்தத் தப்பான பேர் ஃபைலுக்கு வெளிய போகுதான்னு பாருங்க. ஒரே ஃபைலுக்குள்ள அடங்கற பேர்னா கவலையே இல்ல, இப்போ இருக்கற உங்க ஒரு வரிப் பேட்சே போதும், அத மட்டும் நிரூபிச்சுக் காட்டுங்க, அவர் எடுத்துப்பார். வெளிய போகுதுன்னா அந்த கம்பைலர்ல பேர் விதிக்கு ஏதாவது வெர்ஷன் எண் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா அதக் கொண்டு வர்றதுதான் உங்க மொத பேட்ச், திருத்தம் ரெண்டாவது பேட்ச். எப்போ இருந்து புது விதி டீஃபால்ட்ங்கற முடிவ அவர்கிட்டயே விட்டுருங்க, அது அவரோட ரிலீஸ் கணக்கு.

டெஸ்ட்ட மறக்காதீங்க. ஜிசிசில இதுக்குன்னு ஒரு ஃபோல்டரே இருக்கு, ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு குட்டி ப்ரோக்ராம், கம்பைல் பண்ணி வர்ற அசெம்பிளில இந்தப் பேர் எழுத்துக்கு எழுத்து இருக்கான்னு தேடும். ஓட்டிப் பாக்கற டெஸ்ட் இந்த மாதிரித் தப்பைப் பிடிக்கவே பிடிக்காது, ரெண்டு பக்கமும் ஒரே தப்பு பண்ணி பாஸ் ஆயிரும், அதனால விதிப்புத்தகத்தப் பாத்து கையால எழுதின பேரோட ஒப்பிடணும், கம்பைலர் குடுத்தத காப்பி பண்ணி ஒட்டாதீங்க. புது எண்ணோட ஒரு டெஸ்ட், பழைய எண்ணோட ஒரு டெஸ்ட், ரெண்டும் போடுங்க. எல்லை எங்க மாறுதோ அதுக்கு ரெண்டு பக்கமும் தொடுங்க, ஜிசிசி கதைல அது பதினொண்ணும் பன்னெண்டும். பேர அவிழ்க்கற டூல் தனியா இருந்தா அது ரெண்டு வடிவத்தையும் படிக்குதான்னும் பாத்துக்கங்க.

இதெல்லாம் சேத்தா உங்க ஒரு வரி சுமார் நூறு வரி ஆகும். ஒரு வார இறுதி போதும். எழுதி முடிச்சுட்டு அதே மெயின்டெய்னருக்கு, பழைய பேர் புதுப் பேர் ரெண்டையும் அவிழ்க்காம பச்சையா மேல ஒட்டி அனுப்புங்க, அவர் மொதல்ல பாக்கப்போறது அதுதான்.